வாணியம்பாடிக்கும் திருப்பத்தூருக்கும் நடுவே உள்ள மேடு

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மச்சினன் வண்டியோட்ட நான் பின்னால் உட்கார்ந்துகொண்டு, வாணியம்பாடியிலிருந்து திருப்பத்தூர் நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். நல்ல மழை பெய்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வலப்புறம் ஏலகிரி, இடப்புறம் ஜவ்வாது மலை, இரண்டுக்கும் நடுவே பார்வைக்குத் தட்டையாகத் தெரிகிற நிலம். நான் தேடிப் போனது அந்தத் தட்டை நிலத்தில் இருக்கும் ஒரு மேட்டை. "அங்க ஏதாவது கல்லு, போர்டு இருக்குமா மாமா?" என்று மச்சினன் கேட்டான். இருக்காது என்றேன். இருந்திருந்தால் இந்தப் பதிவை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

சாலையோரப் பள்ளத்தில் ஓடும் மழைநீரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் போனோம். ஒரு சிறுபாலம்வரை நீர் எங்களுக்கு எதிராக, வாணியம்பாடிப் பக்கம் ஓடிவந்தது. அதற்கப்பால் கொஞ்ச தூரம் ஓடாமல் கலங்கித் தேங்கி நின்றது. அடுத்த சிறுபாலத்துக்கு முன்பாகவே எங்களோடு சேர்ந்து திருப்பத்தூர்ப் பக்கம் ஓடத் தொடங்கியிருந்தது. கைப்பேசியில் கடல்மட்ட உயரம் காட்டும் செயலியைத் திறந்தேன். நின்ற இடத்தில் நின்றபடியே அது 396 மீட்டர் என்றது, ஒரு நிமிடம் கழித்து 411 என்றது. கருவியின் பிழையே பதினைந்து மீட்டர்; நான் தேடிய மேட்டின் உயரமோ அதில் பாதிகூட இராது. கருவியைப் பையில் போட்டுவிட்டுத் தேங்கி நின்ற சேற்று நீரையே சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

அங்கே வடக்கே ஓடிய நீர் பாலாற்றில் சேர்ந்து ஆம்பூர், வேலூர், ஆற்காடு என்று கடந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூரில் கடலைத் தொட வேண்டிய நீர். (பாலாற்று நீர் கடல்வரை போகிற ஆண்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது தனி வயிற்றெரிச்சல், அதை இங்கே எழுதப்போவதில்லை.) தெற்கே ஓடியது பாம்பாற்றில் விழுந்து, ஊத்தங்கரைப் பக்கம் தென்பெண்ணையில் கலந்து, கடலூருக்குப் போக வேண்டியது. ஒரே மேகத்திலிருந்து பத்தடி இடைவெளியில் விழுந்த இரண்டு துளிகள் இரண்டு ஆறுகளுக்கும் இரண்டு கடற்கரைகளுக்கும் பிரிந்து போகின்றன. இப்படி நீரைப் பிரித்துவிடுகிற கோட்டைப் பாடநூல்கள் நீர்ப்பிரிமுகடு என்கின்றன. முகடு என்றதும் ஓட்டுவீட்டுக் கூரையைப்போல உயர்ந்த ஒன்றை மனம் கற்பனை செய்துகொள்கிறது. பள்ளிக்கூட வரைபடங்களும் மலைத்தொடரை வரைந்து இதுதான் பிரிக்கிறது என்று சொல்லிக்கொடுத்துவிடுகின்றன. ஆனால் ஜவ்வாது மலை இத்தனை பெரிதாக நின்றும், இங்கே பாலாற்றையும் தென்பெண்ணையையும் பிரிக்கிற வேலையைச் செய்வது இரண்டு மலைகளுக்கும் நடுவே கிடக்கிற, பேருந்தில் போகிறவர் கண்ணுக்குப் படாத ஒரு மண் மேடுதான்.

எனக்கு இதற்கு முகட்டைவிட வரப்பு பொருத்தமான உவமையாகப் படுகிறது. எங்கள் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு பட்டத்துக்கும் பக்கத்து நிலத்துக்காரர் வரப்பைத் தன் பக்கமிருந்து நாலு விரல் செதுக்குவார், செதுக்கிய மண் அவர் நிலத்தில்தான் விழும். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் வரப்பு அதே அகலத்தில், அதே உயரத்தில், நம் நிலத்துக்குள் நகர்ந்து நிற்கும். இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள முகடும் இப்படித்தான் நகர்கிறது. எந்தப் பக்கம் சரிவு செங்குத்தாக இருக்கிறதோ அந்தப் பக்கத்து ஓடைகள் வேகமாக அரிக்கும். முகடு சாய்வு குறைந்த பக்கத்தை நோக்கிப் பின்வாங்கும். இதை முதலில் ஒரு விதியாக எழுதிவைத்தவர் அமெரிக்க நிலவியலாளர் குரோவ் கார்ல் கில்பர்ட். யூட்டா மாநிலத்து ஹென்றி மலைகளைப் பற்றி 1877-இல் வெளிவந்த அறிக்கையில், சமமற்ற சரிவுகளின் விதி என்று அதைக் குறித்தார். இரு பக்கமும் ஒரே வேகத்தில் அரிக்கப்படும்வரை முகடு நகர்ந்துகொண்டே இருக்கும், சரிசமமானபின் நின்றுவிடும்.

அப்படியானால் எல்லா முகடுகளும் என்றைக்கோ நின்றிருக்க வேண்டுமே என்று கேட்கத் தோன்றும். நிற்கவிடாமல் செய்வதுதான் நில அசைவின் வேலை. அடியிலிருந்து ஒரு பக்கம் மெல்ல உயர்ந்தாலும், ஒரு பக்கம் சரிந்தாலும், ஒரு பிளவின் இருபுறமும் மேலும் கீழுமாக விலகினாலும், ஆறுகள் செய்துவைத்த சமரசம் குலைகிறது. ஓரிடம் உயர்ந்தால் அங்கே ஓடும் ஆற்றில் ஒரு படி உருவாகும். அந்தப் படியில் நீர் விழுந்து பாறையை அரிக்க, படி மேல்நோக்கிப் பின்வாங்கும். அருவி என்று நாம் பார்க்கப் போவது பெரும்பாலும் இப்படிப் பின்வாங்கிக்கொண்டிருக்கிற ஒரு படியைத்தான். பலமநேர் பக்கம் உள்ள கைகல் அருவி எனக்குப் பழக்கமான உதாரணம். பலமநேர் பீடபூமி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரம். அடிவாரத்துக் குடியாத்தம் 300 மீட்டரை ஒட்டியது. கைகல் ஓடையும் கௌண்டின்யா ஆறும் அந்த விளிம்பைக் கடந்து இறங்கிப் பாலாற்றுக்குத்தான் வருகின்றன. படி முகடுவரை பின்வாங்கி அதையும் உடைத்துவிட்டால், அப்பால் வேறொரு ஆற்றுக்கு ஓடிக்கொண்டிருந்த ஓடை திரும்பி இந்தப் பக்கம் விழத் தொடங்கும். வரப்பு நகர்கிற கதை அத்தோடு முடிந்து, வாய்க்காலையே மாற்றிவிட்ட கதை தொடங்கும். ஆற்றைக் கவர்தல் என்று நிலவியலில் சொல்வது இதைத்தான்.

பீடபூமி விளிம்பின் செங்குத்தை உணர மலையேற வேண்டியதில்லை. காட்பாடியில் பெங்களூரு ரயிலேறி, ஒவ்வொரு நிலையத்தின் மஞ்சள் பலகையிலும் ஊர்ப்பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் எழுதியிருக்கும் கடல்மட்ட உயரத்தைப் படித்துக்கொண்டே போனால் போதும். வேலை நிமித்தம் பல வருடம் அந்த வழியில் போய்வந்த நான், தூக்கம் வராத காலைகளில் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அரக்கோணம் 90 மீட்டரை ஒட்டி. காட்பாடி 210-ஐ ஒட்டி. அங்கிருந்து 84 கிலோமீட்டர் போய் ஜோலார்பேட்டையில் 400-ஐத் தொடுகிறோம். அடுத்த நாற்பது கிலோமீட்டரில் குப்பம் வரும்போது 650-ஐத் தாண்டிவிடுகிறோம். பச்சூரும் மல்லானூரும் கடக்கும்போது வண்டி மூச்சு வாங்குவது உட்கார்ந்த இடத்திலேயே தெரியும். கனமான சரக்கு வண்டிகளுக்கு ஜோலார்பேட்டையில் பின்னாலிருந்து தள்ள இன்னொரு எஞ்சின் மாட்டுவதும் இதற்காகத்தான். பெங்களூரு 900-ஐ ஒட்டியிருந்தாலும், குப்பத்துக்கு அப்பால் ஏற்றம் அவ்வளவாக உறைப்பதில்லை. பாலாறும் இதே படியில்தான் இறங்குகிறது. அதன் 348 கிலோமீட்டர் நீளத்தில் 93 கர்நாடகத்தில், 33 ஆந்திரத்தில், மீதி 222 தமிழ்நாட்டில். கோலார்ப் பக்கம் ஏரி ஏரியாகத் தேங்கித் தேங்கி வருகிற ஆறு, ஆந்திரத்தின் அந்தச் சிறு நீளத்துக்குள் பீடபூமியிலிருந்து இறங்கி, வாணியம்பாடிக்கு மேற்கே புல்லூரில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது.

எந்த முகடு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் களத்துக்குப் போகாமலே ஊகிக்க இன்று ஒரு முறை இருக்கிறது. சூரிச்சின் நிலவியலாளர் ஷான் வில்லட்டும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அது பரவலானது. கடலிலிருந்து ஆற்றோடு ஏறி உச்சிவரை வரும் தொலைவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், வழியில் ஒவ்வோரிடத்திலும் எவ்வளவு நிலப்பரப்பின் நீர் அதில் வடிகிறது என்பதையும் சேர்த்து எடையிட்டு ஓர் எண் கணக்கிடுகிறார்கள். அதற்குக் கை (χ) என்னும் கிரேக்க எழுத்தைப் பெயராக வைத்திருக்கிறார்கள். முகட்டின் இருபுறமும் அந்த எண் சமமாக இருந்தால் சண்டை முடிந்துவிட்டது. ஒரு பக்கம் குறைவாக இருந்தால் அந்தப் பக்கத்து ஆறு வலுத்தது. முகடு எண் அதிகமுள்ள பக்கம் நகரும். உயர வரைபடம் இலவசமாகக் கிடைக்கிற காலத்தில் ஒரு மடிக்கணினியில் செய்துவிடக்கூடிய கணக்கு என்பதால் உலகத்து முகடுகளுக்கெல்லாம் வண்ணம் பூசிவிட்டார்கள். பாறை எங்கும் ஒரே வன்மை, நிலம் எங்கும் ஒரே வேகத்தில் உயர்கிறது என்ற இரண்டு அனுமானங்கள் அதற்குள் இருக்கின்றன என்பதை வண்ணப்படம் பார்க்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். எங்கள் வட்டாரத்தில் ஒரே மலையில் ஒரு புறம் உருண்டு உதிர்கிற கிரானைட்டும், மறுபுறம் சுத்தியலுக்கு அசையாத கறுப்புக்கல் சுவரும் இருக்கும். இங்கே அந்த எண்ணை நம்புவதற்குமுன் கல்லுடைக்கிறவரைக் கேட்பது நல்லது.

இனி நந்தி மலைக்கு வருகிறேன். பெங்களூருக்கு வடக்கே 1,478 மீட்டர் உயரத்தில் நிற்கிற அந்த மலையையும் அதைச் சுற்றிய குன்றுகளையும்போல நீரைப் பிரித்துக்கொடுக்கிற இடம் தென்னாட்டில் அரிது. அங்கிருந்து பாலாறு கிழக்கே வருகிறது. அர்க்காவதி தெற்கே போய்க் காவிரியில் கலக்கிறது. உத்தர பினாகினி என்கிற வடபெண்ணை வடக்கே போய், கடப்பை வழியாகச் சுற்றி நெல்லூரில் கடல் சேர்கிறது. தட்சிண பினாகினி என்கிற தென்பெண்ணை தெற்கே இறங்கிக் கடலூருக்கு வருகிறது. ஒரு குன்றுத்தொடரில் பிறந்து ஒரே பெயரைச் சுமக்கிற இரண்டு பெண்ணைகள் வங்கக் கடலை நெல்லூருக்கும் கடலூருக்குமாக இத்தனை விலகிப்போய்த் தொடுவானேன்? மங்களூரு நிலவியலாளர் கே. ஆர். சுப்ரமண்யா 1990-களில் முன்வைத்த விளக்கம் இதற்கு ஒரு விடை தருகிறது. மங்களூருக்கு வடக்கே உள்ள முல்கியிலிருந்து பழவேற்காடு ஏரிவரை, ஏறத்தாழ 13 பாகை வடக்கு அட்சக்கோட்டை ஒட்டி, தீபகற்பத்துக்குக் குறுக்கே நிலம் மெல்ல வளைந்து உயர்ந்துகொண்டிருக்கிறது என்பது அவர் கருத்து. வளைவுக்கு வடக்கே உள்ள ஆறுகள் வடகிழக்கையும், தெற்கே உள்ளவை தென்கிழக்கையும் நாடுகின்றன. காரணமாகச் சொல்லப்படுவது, ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிற இந்தியத் தட்டு இமயத்தில் முட்டி நிற்பதால் அதன் உடலில் ஏறுகிற அழுத்தம். இருபுறமும் பிடித்துத் தள்ளிய கோரைப்பாய் நடுவில் எழும்புவதைப்போல. காட்பாடி கிட்டத்தட்ட அந்தக் கோட்டின்மேலேயே இருக்கிறது என்பதை அறிந்த நாளில், நடைமேடையில் நின்றுகொண்டு காலுக்குக் கீழே பார்த்துக்கொண்டேன். பாய் எழும்புவதாகத் தெரியவில்லை.

இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஆறு ஓரிடத்தில் நேர்க்கோட்டில் ஓடினாலோ, திடீரென்று முழங்கை மடக்கியதுபோலத் திரும்பினாலோ, செயற்கைக்கோள் படத்தில் ஒரு கோடு போட்டு, நில அசைவு ஆற்றைத் திருப்பிவிட்டது என்று எழுதிவிடுகிற பழக்கம் பரவியிருக்கிறது. எங்கள் பாலாறே அதற்கு வாகான இரை. தென்கிழக்காக இறங்கிவந்த ஆறு வாணியம்பாடியில் வடகிழக்காகத் திரும்பி, ஆம்பூர் வழியாக வேலூர்வரை கிட்டத்தட்டக் கோடு பிடித்ததுபோல ஓடுகிறது. அந்தக் கோட்டைத் தென்மேற்காக நீட்டினால் நான் நீர் பிரிவதைப் பார்த்த அதே தாழ்வெளி வழியாகத் திருப்பத்தூருக்கும் ஊத்தங்கரைப் பக்கமும் போகும். இந்தப் போக்கு பாறையில் எழுதப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஏலகிரி சுற்றியுள்ள மலைகளைப்போல் சார்னோகைட்டோ நைஸோ அல்ல. ஆழத்திலிருந்து உருகி எழுந்து உறைந்த சயனைட் பாறை. அதன் அருகே சேவாத்தூரில் கார்பனடைட் என்னும் அபூர்வமான பாறை கிடைக்கிறது. அங்கே வெர்மிகுலைட் என்னும் கனிமத்தைத் தோண்டியெடுக்கிறார்கள். இத்தகைய பாறைகள் மேலேறி வர ஆழமான பிளவு ஒன்று வழிவிட்டிருக்க வேண்டும். ஆனால் அவை எழுந்து எழுபது, எண்பது கோடி ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பிளவு நெடுக நொறுங்கிய பாறை மற்ற இடத்தைவிட இலகுவாக அரிபடும். ஆறு அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிளவு இன்றைக்கு அசைய வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ஆறு ஒரு பழைய பிளவின் வழியே போகிறது என்பதும், அந்தப் பிளவு இப்போது நகர்ந்து ஆற்றைத் தள்ளியது என்பதும் வெவ்வேறு கூற்றுகள். முதலாவதற்கு வரைபடம் போதும். இரண்டாவதற்கு, அண்மைக்கால வண்டலையே பிளவு வெட்டியிருப்பதைக் காட்ட வேண்டும். அல்லது ஒரே காலத்து ஆற்றுப்படிவம் பிளவின் இருபுறமும் வெவ்வேறு உயரத்தில் கிடப்பதைக் காட்ட வேண்டும்.

அண்மையில் உண்மையாகவே நகர்ந்த ஆறு எங்களிடம் இருக்கிறது. அதைப் பார்க்க வாலாஜாப்பேட்டைக்குக் கிழக்கே போக வேண்டும்.

சென்னைக்கு வடக்கே எண்ணூரில் கடல் சேரும் கொசஸ்தலையாற்றுக்கு, கொற்றலையாறு என்ற பெயரோடு, விருத்த க்ஷீர நதி என்ற வடமொழிப் பெயரும் உண்டு. க்ஷீர நதி என்றால் பாலாறு; விருத்த என்றால் கிழ. பழம்பாலாறு என்று சொல்லலாம். பெயர் வைத்தவர்கள் செயற்கைக்கோள் படம் பார்த்தவர்கள் அல்லர். ஆனாலும் பெயர் சரியாகத்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் பாலாறு காவேரிப்பாக்கத்துப் பக்கமிருந்து வடகிழக்காகத் திரும்பி, இன்றைய கொசஸ்தலையாற்றின் வழியே எண்ணூர்ப் பக்கம் போயிருக்கிறது. இன்றைக்கு அது தென்கிழக்காகக் காஞ்சிபுரத்தைக் கடந்து, திருமுக்கூடலில் செய்யாற்றையும் வேகவதியையும் சேர்த்துக்கொண்டு வயலூருக்குப் போகிறது. இரண்டு முகத்துவாரங்களுக்கும் இடையே எண்பது கிலோமீட்டருக்கு மேல். பழைய வழியை நிரப்பிக் கிடக்கிற மணல்தான், மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிக் கிணறுகளிலிருந்து பல ஆண்டுகள் சென்னைக்குக் குடிநீர் கொடுத்தது. இன்றைய கொசஸ்தலையாறு தனியாக அவ்வளவு மணலைக் கொண்டுவந்து கொட்டியிருக்க முடியாது. பெரியவரின் சட்டையைச் சிறுவன் போட்டுக்கொண்டதுபோல அந்தப் பள்ளத்தாக்கு அதற்குத் தொளதொளவென்றிருக்கிறது.

காவேரிப்பாக்கத்துக்கு வடக்கே, கிணறு ஆழப்படுத்திக்கொண்டிருந்த ஒரு நிலத்தில் அந்த மணலைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். மேலே ஆளுயரத்துக்கு ஏரிப்படுகையின் கறுப்புக் களிமண். அடியில் திடீரென்று பருமணல். உள்ளங்கையில் பரப்பினால் மங்கிய வெள்ளையில் குவார்ட்ஸ், அதனிடையே இளஞ்சிவப்பில் பெல்ட்ஸ்பார் துணுக்குகள், கறுப்பாக ஏதோ தூள். ஒவ்வொரு மணியும் முனை மழுங்கியிருந்தது. வீடு கட்டியவர்களுக்கு இந்த மணல் நன்றாகத் தெரியும். வேலூரில் பாலாற்றிலிருந்து லாரி லாரியாகப் போனது இதேதான். கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்த நிலக்காரப் பெரியவர், "ஆத்து மணலு சார். ஆறு அங்க இருக்குது, மணலு இங்க இருக்குது" என்று தெற்கே கை காட்டினார். அவர் காட்டிய திசையில் ஆறு கண்ணுக்கே தெரியாத தொலைவில் இருந்தது.

ஆறு ஏன் திரும்பியது? செந்நிறச் செம்புரைக்கல் மேடுகள் சென்னைக்கு வடமேற்கே செங்குன்றம் வட்டாரத்தில் எழுந்து நிற்பதையும், பழைய வழிக்கும் புதிய வழிக்கும் இடையே அவை அமைந்திருப்பதையும் காட்டி, இடைப்பட்ட நிலம் உயர்ந்ததால் ஆறு தெற்கே சறுக்கியது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நிலம் அசையாமலேயே, சமவெளியில் ஆறு தன் வண்டலால் தன் படுகையை உயர்த்திக்கொண்டு, ஒரு பெருவெள்ளத்தில் கரையை உடைத்துத் தாழ்ந்த பக்கம் போய்விடும் என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். என் கணக்கு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு சமவெளி ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மட்டும் ஒரு பக்கம் உயர்வதாக வைத்துக்கொள்வோம். மனித ஆயுளில் அது எட்டு மில்லிமீட்டர். ஒரு துவரம்பருப்பின் அளவு. பத்தாயிரம் ஆண்டில் ஒரு மீட்டர். ஏலகிரியை அசைக்க ஒரு மீட்டர் எந்த மூலைக்கு? ஆனால் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டரளவில் சாய்கிற காவேரிப்பாக்கத்துச் சமவெளியில், வெள்ளத்தில் கரை உடையும்போது நீர் எந்தப் பக்கம் பாயும் என்பதை முடிவுசெய்ய ஒரு மீட்டர் தாராளம். உடைப்பது வெள்ளம், எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே சாய்த்துவைப்பது நிலம்.

இதை எங்கள் ஊர்க்காரர்கள் என்றைக்கோ புரிந்துகொண்டிருந்தார்கள் என்பதற்குக் காவேரிப்பாக்கம் ஏரியே ஆதாரம். வாலாஜாவுக்கு அருகே பாலாற்றின் குறுக்கே 1850-களில் கட்டிய அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்கள் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி மாமண்டூர் ஏரிகளுக்கு நீர் கொண்டுபோகின்றன. இவற்றில் காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பிக் கோடி போனால் அந்த உபரி நீர் மறுபடி பாலாற்றுக்கு வருவதில்லை, கொசஸ்தலையாற்றுக்குப் போகிறது. இரண்டு வடிநிலங்களையும் பிரிக்கிற முகட்டை ஒரு மண் கால்வாய் தாண்டிவிடுகிறது. அதுவும் சுரங்கம் குடைந்து அல்ல, எக்கியால் ஏற்றியும் அல்ல, சும்மா சரிவு பிடித்துக்கொண்டு. ஆறு கைவிட்ட வழியில் மனிதன் ஒரு மடையைத் திறந்து கொஞ்சம் நீரைத் திரும்பவும் அனுப்புகிறான் என்றால், அந்த வரப்பு எவ்வளவு தாழ்வாக இருக்க வேண்டும்!

தென் அமெரிக்காவில் ஒரினோகோ ஆற்றின் நீரில் ஒரு பகுதி காசிகியாரே என்னும் கால் வழியாகப் பிரிந்து அமேசானின் கிளையாறான ரியோ நீக்ரோவில் போய் விழுகிறது. 1800-இல் ஜெர்மானிய இயற்கையியலாளர் ஹம்போல்ட் படகில் அந்த வழியே போய் உறுதிப்படுத்தினார். அமேசான் ஒரினோகோவைக் கவர்ந்துகொண்டிருக்கிற காட்சி என்று இன்று அதைச் சொல்கிறார்கள். மனிதன் வெட்டாமல் இயற்கையே அமைத்த காவேரிப்பாக்கம் கால்வாய் என்று நான் சொல்லிக்கொள்வேன். அளவில் எறும்பும் யானையும் என்பது எனக்குத் தெரியும்.

நிலம் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று நினைத்துவிடவும் வேண்டாம். 1819 ஜூன் 16 அன்று கட்ச் பகுதியில் நேர்ந்த நிலநடுக்கத்தில், உப்புப் பாலையின் குறுக்கே ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் நீளத்துக்குச் சில மீட்டர் உயரமுள்ள மேடு ஒரே நாளில் எழுந்தது. சிந்துவின் கிழக்குக் கிளை ஒன்றுக்கு அது அணையாகிவிட்டது. தெற்கே இருந்த சிந்திரிக் கோட்டை நீரில் மூழ்கியது. மனிதர் கட்டாத அணை என்பதால் மக்கள் அதற்கு அல்லா பந்த் என்று பெயரிட்டார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, 1826 வெள்ளத்தில், ஆறு அதை அறுத்துக்கொண்டு பழைய வழியில் பாய்ந்தது. நிலம் தடுப்பதும் ஆறு அறுப்பதுமான வழக்கில் இரு தரப்பு வாதத்தையும் ஏழே வருடத்தில் மனிதர் கண்ணால் பார்த்த அபூர்வமான இடம் அது. வங்காளத்தில் பிரம்மபுத்திரா 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மதுபூர் மேட்டுக்குக் கிழக்கே ஓடிய வழியை விட்டு மேற்கே இன்றைய யமுனா வழிக்கு மாறியது. கைவிட்ட வழிக்கு இன்றைக்கும் பழைய பிரம்மபுத்திரா என்றுதான் பெயர். விருத்த க்ஷீர நதி என்று வைத்தவர்களும் அந்த வகையினரே.

எங்கள் மாவட்டத்தில் அப்படியொரு மேடு எழுவதற்கான அறிகுறி எதுவும் இல்லை. 2021 நவம்பர் 29 அதிகாலை 4:17-க்கு, வேலூருக்குத் தென்மேற்கே ஐம்பது அறுபது கிலோமீட்டரில், 25 கிலோமீட்டர் ஆழத்தில், 3.6 அளவில் ஒரு நடுக்கம் பதிவானது. ஆம்பூர்ப் பக்கத்து உறவினர், அலமாரியில் எவர்சில்வர் பாத்திரங்கள் கிணுகிணுத்ததாகவும், பூனை என்று நினைத்து அதட்டியதாகவும் காலையில் தொலைபேசியில் சொன்னார். இந்த அளவு நடுக்கத்துக்குச் சில நூறு மீட்டர் நீளப் பிளவு ஓரிரு சென்டிமீட்டர் நழுவினால் போதும். அது ஒரு முகட்டை நகர்த்தாது. ஆனால் இந்தத் தரை முழுதாக உறங்கிவிடவில்லை என்பதை அதட்டிச் சொல்லப் போதும்.

நடுக்கத்துக்குப் பத்து நாள் முன்புதான் அந்தப் பெருவெள்ளம். 1903 நவம்பரில் வாணியம்பாடியைச் சூறையாடிய வெள்ளத்துக்குப் பிறகு பாலாறு இப்படி வந்ததில்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள். நவம்பர் 19 அன்று வாலாஜா அணைக்கட்டில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் நீர் போனது. வேலூரில் எங்கள் தெருவே பாலத்துக்குப் போய் ஆற்றை வேடிக்கை பார்த்தது. குழந்தைகளில் பலர் ஆற்றில் கரைக்குக் கரை நீரை முதன்முதலாகப் பார்த்தார்கள். எனக்குப் பாலத்தைவிட முக்கியமான வேலை காவேரிப்பாக்கத்தில் இருந்தது. வெள்ளம் கொஞ்சம் வடிந்து பேருந்து ஓடத் தொடங்கியதும் போனேன்.

ஏரி கோடி போய்க்கொண்டிருந்தது. உபரி நீர் வழிகிற கலங்கலின் மீது நீர் கண்ணாடித் தகடுபோல வளைந்து விழுந்து, கீழே நுரைத்து, காவி நிறத்தில் வடகிழக்காக ஓடியது. கரையில் குடையை ஊன்றிக்கொண்டு நின்ற மதகு காவல்காரர், எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். வேலூர் என்றேன். "அப்ப இது உங்க ஊரு தண்ணிதான் சார். உங்களுக்கு முன்னாடியே வந்துட்டுது" என்றார். எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டே கேட்டேன். "பூண்டிக்கு. அங்க நெறஞ்சா எண்ணூருக்கு" என்றார். அணைக்கட்டைத் தாண்டிய பெருவெள்ளம் வயலூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்த அதே நேரத்தில், வேர் அறுந்த ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று கலங்கலில் இடறி, தலைகீழாகக் கவிழ்ந்து, பின் நிமிர்ந்து, பழம்பாலாற்றின் வழியே போவதை, அது வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.